பத்தடி ஃப்ளெக்ஸில் ஒரு பதவியேற்பு

சட்டம் தெரியாமல் தப்புச் செய்கிறவர்களை ஊர் மன்னித்துவிடும். சட்டத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு தப்புச் செய்கிறவர்களைத்தான் ஆயுசுக்கும் ஞாபகம் வைத்திருக்கும். நான் இரண்டாவது ரகம். அதுவும் என் தப்பு பத்தடி உயரத்தில், சவுக்குக் கழி நட்டு, நல்ல கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டு, சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் முறைத்துக்கொண்டு நின்றது.

2008-இல் எனக்கு இருபத்தைந்து வயது. நூலகவியலில் முதுகலைப் பட்டம், அதில் ஒரு மெடல், அந்த மெடலைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிற வியாதி. இவ்வளவும் சேர்ந்து சிதம்பரத்தில் ஒரு ஆவண மையத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்திருந்தன. கடலூர் வட்டாரத்துப் பழைய போட்டோக்களைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து, இணையதளத்தில் ஏற்றுவதுதான் திட்டம். தினமும் செம்மண்டலத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் 'கலாச்சாரப் பாரம்பரியம்' என்ற வார்த்தையைக் கேட்காமல் இறங்க முடியாது. (பலாப்பழத்தோடு ஏறிய ஒரு அம்மா ஆலப்பாக்கத்திலேயே பழத்தைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.)

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அந்தோணிசாமி அண்ணன் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய அப்பா ஆரம்பித்தது. பரணில் மரப்பெட்டி மரப்பெட்டியாகக் கண்ணாடி நெகட்டிவ்கள். நான் போய்ப் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து முடித்ததும், அவர் சம்மதப் படிவத்தை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாருங்கண்ணே."

"நீ படிச்சிருப்ப இல்ல, போதும்."

"இதுல இருக்கறவங்கல்லாம் யாருன்னு தெரியுமாண்ணே?"

"எங்கப்பாவுக்குத் தெரியும். அவரு போய்ட்டாரு. எடுத்துட்டு வாங்காமயே போன படமெல்லாம்கூட அதுல கெடக்கும். பாத்துச் செய்யும்மா."

பார்த்துச் செய்வதற்காகவே எங்கள் மையத்தில் ஒரு கையேடு இருந்தது. அதில் 'படத்தில் இருப்பவர்கள்' என்று ஒரு அத்தியாயம். நெகட்டிவ் வைத்திருப்பவர் சம்மதித்தால் மட்டும் போதாது, படத்தில் இருப்பவர்களின் குடும்பத்தைத் தேடிப் போய்க் கேளுங்கள் என்று ஆரம்பிக்கும். எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிட்டது. பதிப்புரிமைச் சட்டம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் மனப்பாடமாகப் படித்தேன். படம் எடுத்து அறுபது வருஷம் தாண்டிவிட்டால் அது பொதுச்சொத்து, யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது என் தீர்ப்பு. எங்கள் மைய இயக்குநருக்கும் அது பிடித்திருந்தது. திட்டம் முடிகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, வீடு வீடாகப் போய்க் கதவு தட்ட அவருக்கு நேரமில்லை.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் அந்தப் படம் இருந்தது. ஓட்டு வீட்டு வாசல். நடுவில் ஒரு சாய்மான நாற்காலி. அதில் முறுக்கு மீசை வைத்த ஒரு மனிதர். தலைப்பாகை, கழுத்து நிறைய மாலை, தோளில் ஜரிகைத் துண்டு. கைகள் இரண்டும் நாற்காலிக் கைகளின் மேல் கச்சிதமாக இருந்தன. கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன. பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். சுற்றிலும் உறவுக்கூட்டம். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பின்னால் நின்ற ஒருவர் அந்த மனிதரின் தோள்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை நான் 'விசுவாசம்' என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து, மெடல் வாங்கிய கையால், இப்படி ஒரு விளக்கம் எழுதினேன்: 'ஊர்ப் பெரியதனம் ஏற்ற நாளில், குடும்பத்தினருடன். மாலை, தலைப்பாகை ஆகிய பதவிச் சின்னங்களையும், கண்களில் தெரியும் அசைக்க முடியாத உறுதியையும் கவனிக்கவும்.'

யாரிடம் கேட்டு எழுதினேன்? யாரிடமும் இல்லை. அந்த முகமே சொல்லிற்று என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு கம்பீரம்! கண்காட்சி வாசலுக்கு இதையே ஃப்ளெக்ஸ் போட்டுடுங்க" என்றார்.

இதற்கு நடுவில், தை பிறந்ததும், என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குமரவேல், செல்போன் டவர் பராமரிக்கிற வேலை. அவருடைய அப்பா தணிகாசலம் சிதம்பரத்தில் பத்திர எழுத்தர். ஊரில் பாதி மனைகளின் கதை அவர் பேனாவில் இருந்தது. கூடவே தணிகாசலத்தின் அக்கா சரோஜா அத்தை. குமரவேல் பஜ்ஜியை எடுத்துக் கடித்துவிட்டு, எல்லோரும் கௌரவமாக உட்கார்ந்திருக்கும்போது, "சட்னி கெடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இன்றைக்கு எனக்கு அவசியமில்லை.

பிடித்துப்போனதால் வாயைத் திறந்தேன். வேலையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"சட்டப்படி அறுபது வருஷம் ஆயிட்டா பழைய போட்டோ பொதுச்சொத்து மாமா. யாரு வேணா எடுத்துக்கலாம்."

தணிகாசலம் பஜ்ஜியை மெதுவாக மென்றார். "பொறம்போக்கு மாதிரியா?"

"ஆமா மாமா! கரெக்டா சொல்லிட்டீங்க."

"பொறம்போக்குலகூட யாராவது குடியிருப்பாங்களேம்மா" என்றார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தேன். அம்மா சமையலறையிலிருந்து ஒரு டம்ளரைத் தரையில் போட்டு எனக்கு எச்சரிக்கை விடுத்தாள்.

சரோஜா அத்தை பேச்சை மாற்றுவதற்காக, "எங்க வூட்ல பழைய போட்டோவே கெடையாதும்மா. எங்கப்பாவுக்குப் போட்டோன்னாலே ஆவாது. புடிச்சா ஆயுசு கொறஞ்சுடும்னுவாராம், கிட்டவே சேக்க மாட்டாராம்" என்றார்.

"அப்ப ரொம்ப வருஷம் இருந்திருப்பாரே அத்தை!"

"முப்பத்தஞ்சு வயசுல போய்ட்டாரு. தம்பி அப்ப கைக்கொழந்தை."

இரண்டாவது டம்ளர் விழுந்தது. அப்படியும் சம்பந்தம் தட்டவில்லை. பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி, மனசு வெள்ளை என்று முடிவு செய்தார்களாம். மாசியில் கண்காட்சி, அதைப் பார்த்துவிட்டு அப்படியே நிச்சயதார்த்தத் தேதியைப் பேசலாம் என்றார்கள். நான்தான் வற்புறுத்தி அழைத்தேன். என் பெருமையைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டாமா?

கண்காட்சியன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சென்னையிலிருந்து வருகிற சிறப்பு விருந்தினருக்காக இயக்குநர் ஒரு பக்கம், வருங்கால மாமனாருக்காக நான் ஒரு பக்கம். எங்கள் நடுவே பத்தடி உயரத்தில் ஊர்ப் பெரியதனக்காரர். ஆட்டோ வந்து நின்றது. முதலில் சரோஜா அத்தை இறங்கினார். புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே நின்றார். கையிலிருந்த பூப்பொட்டலம் கீழே விழுந்தது. பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், கீழ வீதியில் போன சைக்கிள்கள் எல்லாம் நின்றன.

"ஐயோ எங்கப்பா! படம் புடிக்காதன்னு சொன்ன மவராசா, ஒன்ன இப்படிப் பத்தடிக்குத் தொங்க வுட்டாங்களே! போற எடத்துலயாவது நிம்மதியா வுட்டாங்களா, என்னப் பெத்தவரே!"

முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, ஃப்ளெக்ஸின் கீழே உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார். நல்ல குரல். அடிக்கு அடி எடுத்துக் கொடுக்க ஆளில்லாமலே நிற்காமல் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. அவர் இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு இடைவெளி வந்ததும் கைதட்டினார்.

"நேரடி நிகழ்ச்சியும் வெச்சிருக்கீங்களா! இதுதாங்க உண்மையான பாரம்பரியம். ரெக்கார்ட் பண்றீங்க இல்ல?" என்று இயக்குநரைக் கேட்டார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். (எங்கள் வீடியோக்காரர் ரெக்கார்ட் பண்ணிக்கொண்டுதான் இருந்தார். அத்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.)

நான் ஓடிப்போய் அத்தை பக்கத்தில் குந்தினேன். "அத்தை, என்னா ஆச்சு? இவரு ஊர்ப் பெரியதனம் அத்தை. பதவி ஏத்துக்கிட்ட நாள்ல எடுத்த படம்."

"என்னாடி பதவி? அது எங்கப்பா சவம்டி! நாற்காலில ஒக்கார வெச்சு எடுத்தது. பக்கத்துல நிக்கறது நான்தான்டி!"

"கண்ணு தொறந்திருக்கே அத்தை?"

"அத எவன் வரைஞ்சானோ! எங்கப்பா கண்ணு மூடித்தான் இருந்துச்சு. நான் பாத்தேன் இல்ல?"

கம்ப்யூட்டர் திரையில் ஒரு விரல் நீளத்தில் பார்த்தபோது தெரியாதது பத்தடியில் அப்பட்டமாகத் தெரிந்தது. மூடிய இமைகளின் மேல் யாரோ நெகட்டிவிலேயே நுணுக்கமாகத் தீட்டிய கண்கள். இடது கண் கொஞ்சம் பெரிசு. தலைப்பாகைக்குக் கீழே தாடையைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. மாலை பதவி மாலை இல்லை. பின்னால் நின்றவர் தோளைப் பிடித்திருந்தது விசுவாசத்தால் இல்லை, விட்டால் சாய்ந்துவிடும் என்பதால். என் 'அசைக்க முடியாத உறுதி' அதன் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது.

தணிகாசலம் ஃப்ளெக்ஸுக்கு எதிரே போய் நின்றார். அந்தக் கைக்குழந்தை அவர்தான். அப்பா முகத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. படம் எடுத்ததே மாமன்மார்கள் கட்டாயத்தில்தானாம். உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்றவரைச் செத்த பிறகு சுவரில் மாட்ட மாட்டேன் என்று அவர் அம்மா சொல்லிவிட்டதால் யாரும் போய் வாங்கவில்லை. பிறகு குடும்பம் திருவந்திபுரத்தை விட்டுச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டது. படம் பரணிலேயே இருந்துவிட்டது, நான் போய் உலகத்துக்குக் காட்டுகிற வரைக்கும்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"எழுத்துல எதனா வாங்குனியாம்மா?"

"வாங்கினேன் மாமா. ஸ்டுடியோ அண்ணன்கிட்ட."

"அவரு யாரு இதுக்கு?"

"நெகட்டிவ் அவரோடது மாமா."

"கண்ணாடி அவரோடது. மூஞ்சி யாரோடது?"

"சட்டப்படி அறுபது வருஷம்…" என்று ஆரம்பித்தேன். (ஆரம்பித்தேனே! அந்த நேரத்தில் என் வாயை யாராவது சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்திருக்கக் கூடாதா?)

"வில்லங்கம் பாக்காம மனை வாங்கறவங்கள பாத்திருக்கேன். வில்லங்கம் பாக்காம அடுத்தவங்க அப்பாவ எடுத்து மாட்டறவங்கள இப்பதான் பாக்கறேன்" என்றார். அத்தையைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். குமரவேல் கடைசியாக ஏறினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நிச்சயதார்த்தப் பேச்சு மறுநாளே போனில் நின்றுபோனது.

நான் அழுதேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் இல்லை, சட்னி கேட்ட அந்த மனிதருக்காகத்தான். அழுது முடித்ததும் என் வழக்கமான கெட்டிக்காரத்தனம் திரும்ப வந்தது. படம் இருந்தால்தானே கோபம்? படத்தையே இல்லாமல் செய்துவிட்டால்? நேராகத் தணிகாசலத்திடம் போய், எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'நான் என் பூரண சம்மதத்துடன், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல்' என்று தொடங்கி, மேற்படி படத்தை இப்போதோ எப்போதோ, எந்த உருவிலும், எந்த அளவிலும் வைத்துக்கொள்ளவோ பிறருக்குத் தரவோ மாட்டேன் என்று முடிந்தது. மனை விற்கிறவளைப் போல அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து அந்தோணிசாமி அண்ணன் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறிப்போய் நெகட்டிவைத் தேடி எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "உங்கப்பாரு. நீங்களே எடுத்துக்குங்க சார்." தணிகாசலம் அதை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. கடைப் படியில் ஓங்கி ஒரே அடி. அண்ணன் துடைப்பத்தை எடுத்து வந்தார்.

மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். மெடல் வாங்கியவள் செய்கிற வேலை சுத்தமாக இருக்கும். இணையதளத்திலிருந்து எடுத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். சிடிக்களைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அச்சான கண்காட்சி மலரின் பிரதிகளில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்த ஃப்ளெக்ஸ் மட்டும் கண்காட்சி முடிந்த மறுநாளே காணாமல் போயிருந்தது. குப்பைக்குப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். 'அழிச்சாச்சு மாமா' என்று போன் செய்தேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். சம்பந்தத்தைப் பற்றி மூச்சில்லை.

சித்திரையில், நான் குமரவேலை மறந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அவர் போன் செய்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? அந்தப் படம் ஒரு காப்பி எங்கயாவது இருக்குமா?"

"எதுக்கு?"

"அப்பா ஒரு மாதிரியா இருக்காரு. சரியா சாப்புட மாட்டேங்கறாரு. பத்திரம் எழுத ஒக்காந்தா பாதியில நிறுத்திட்டுச் சொவத்தையே பாக்கறாரு. நேத்து அத்தைகிட்ட சொல்லியிருக்காரு, அன்னிக்கு வாசல்ல சரியாக்கூட பாக்கல, கோவத்துலயே பாத்துட்டேன்னு. கேக்க வெக்கப்படறாரு. அவரே ஒடைச்சாரு இல்ல?"

ஒரு மனிதருக்கு அவர் அப்பா முகத்தைக் கேட்காமலே காட்டினேன், பிறகு கேட்டதும் ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்துவிட்டேன். இரண்டையும் கெட்டிக்காரத்தனமாகவே செய்திருந்தேன்.

அப்போதுதான் ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. ஃப்ளெக்ஸைக் குப்பையில் போடுகிற ஊரா நம்முடைய ஊர்? கட்சி மாநாட்டு ஃப்ளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், காதுகுத்து ஃப்ளெக்ஸ் நெல் காயவைக்க விரிப்பாகும். மையத்தின் வாட்ச்மேன் பெருமாளைப் பிடித்தேன். முதலில் தெரியாது என்றார். நான் அழுவதைப் பார்த்ததும், "நான்தாம்மா எடுத்துனு போனேன். வண்டிகேட்டாண்ட என் மச்சான் பஞ்சர் கடை வெச்சிருக்கான். வெயிலுக்குக் கட்டிக்கட்டும்னு குடுத்தேன்" என்றார்.

குமரவேல் பைக்கில் வந்தார். சிதம்பரத்தின் வண்டிகேட் பகுதியில், இரண்டு டியூப் டயர் தோரணத்துக்கு நடுவில், ஊர்ப் பெரியதனக்காரர் கூரையில் குப்புறப் படுத்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸைக் கடை அளவுக்கு வெட்டியிருந்தார்கள். உறவுக்கூட்டம் போய்விட்டது. நாற்காலியும் அவரும், முக்காடு போட்ட அம்மாவின் கையும், இடுப்பில் குழந்தையும் மட்டும் மிச்சம். நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

கேட்டதும் பஞ்சர் கடைக்காரர் எழுந்துவிட்டார். "தர முடியாதுங்க. இவரு வந்ததுலேருந்து நம்ம கடையில வேலை ஜாஸ்தி. எந்த ஊரு சாமியாருன்னுதான் தெரியல, கண்ண பாருங்க, என்னா தேஜஸ்!"

"சாமியாரு இல்லீங்க, எங்க தாத்தா" என்றார் குமரவேல்.

"அப்படியா! நல்லா இருக்காரா?"

"இந்தப் படத்துலயே இல்லீங்க."

கடைக்காரர் மேலே பார்த்தார். அந்தக் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்டூலை எடுத்துப் போட்டு, அவராகவே ஏறி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். குமரவேல் டவர் வேலைக்கு வைத்திருந்த ஒரு புதுத் தார்ப்பாயைக் கொடுத்ததும் கொஞ்சம் சமாதானமானார். "வேலை கொறஞ்சா உங்களத்தான் கேப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் முதல் பைக் சவாரியில், சுருட்டிய ஃப்ளெக்ஸ் வடிவில், எங்கள் நடுவே அவர் தாத்தா இருந்தார். கட்டாத பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு போகிறான் என்று ஊரில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் நான் பிடித்திருந்த சுருளைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் விரித்தோம். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்த தணிகாசலம் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில், படத்தின் பக்கத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் கறையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"இந்தக் கண்ணு?"

"வரைஞ்சது மாமா."

"பாக்கி?"

"பாக்கியெல்லாம் அவருதான் மாமா."

உள்ளங்கையால் படத்தின் கண்களை மூடினார். கையை எடுக்காமல் மிச்ச முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றொரு கை அவரை அறியாமல் அவர் மூக்கைத் தொட்டது. சரோஜா அத்தை, "அப்பா மூக்குதான்டா ஒனக்கு. நான் சொன்னப்பல்லாம் நீ நம்பல" என்றார்.

"ஆமாக்கா. மூக்கு ஒரிஜினல். கண்ணு ஸ்டுடியோ" என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நாங்களும் எது எப்போது முடிகிறது என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திர எழுத்தராக மாறினார். "இது உன்கிட்டேருந்து வந்ததால சிக்கல் இருக்கும்மா. எந்த உருவிலும் வெச்சிக்கவோ பிறருக்குத் தரவோ கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கேன். அதுல ஓட்டை இருக்கான்னு நானும் பாத்துட்டேன். இல்ல. நான் எழுதுனது, எப்படி இருக்கும்?"

"அப்ப என்னா மாமா பண்றது?"

"பிறருக்குத்தான் தரக் கூடாது. நீ இந்த வூட்டுக்கு மருமகளா வந்துட்டா நாங்க பிறர் இல்லையே."

குமரவேல் பதிவு அலுவலகத்தில் சாட்சி போடுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

விஷயம் தெரிந்து இயக்குநர் அந்தப் படத்தை மறுபடியும் இணையதளத்தில் ஏற்றலாமா என்று கேட்டார். இந்த முறை நான் தீர்ப்புச் சொல்லவில்லை, வீட்டில் போய்க் கேட்டேன். எங்களுக்கு வேணும், ஊருக்கு வேணாம் என்றார் மாமா. இணையதளத்தில் அந்த இடத்தில் இன்றும் படம் இல்லை. 'குடும்பத்தினரின் விருப்பப்படி வெளியிடப்படவில்லை' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. நான் எழுதிய விளக்கங்களிலேயே தப்பில்லாத ஒன்று அதுதான். கொட்டாவி விட்ட அத்தியாயத்தையும் கடைசியில் முழுதாகப் படித்தேன். 'இறுதிச்சடங்குப் படங்கள் இருக்கலாம், கவனம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஃப்ளெக்ஸைத் திரும்பப் படமெடுத்து, சின்னதாக்கி, மாமா தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு எதையும் யாரும் அப்படியே நம்புவதில்லை. புதுத் தாலிச்சங்கிலி வந்தாலும், வரன் ஜாதகம் வந்தாலும், "எது ஒரிஜினல், எது ஸ்டுடியோ?" என்று யாராவது கேட்பார்கள். பியூட்டி பார்லருக்குப் போய்விட்டு வருகிற என் நாத்தனாரால் இன்றைக்கும் நிம்மதியாக வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

2010-இல் எனக்குப் பெண் பிறந்தாள். கடலூர் ஆஸ்பத்திரிக்கு மாமா சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தொட்டிலில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மூக்கு ஒரிஜினல்" என்றார். குமரவேல் பெருமை தாங்காமல் செல்போனை எடுத்து, தூங்குகிற குழந்தையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். மாமா கையால் கேமராவை மறைத்தார்.

"இருடா. மொதல்ல கண்ண தொறக்கட்டும். நம்மள ஒரு தரம் பாத்துக்கட்டும். அப்புறமா எடு."

அவள் சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.